பன்னிரண்டாம் சீட்டு எடுக்கவில்லை

திங்கட்கிழமை காலை சென்னையிலிருந்து மின்னஞ்சலில் வந்த வாராந்திர அறிக்கையில் கால் சென்டரின் பன்னிரண்டு சீட்டுகளுக்கும், அதாவது ஃபோன் எடுக்கும் பன்னிரண்டு இருக்கைகளுக்கும், எதிரே ஓர் எண் இருந்தது. எடுக்கப்படாத அழைப்புகள் என்பது அந்தப் பத்தியின் தலைப்பு. முதல் பதினொரு சீட்டுகளுக்கு நேராக எட்டு, பதினொன்று, ஆறு என்று ஏதேதோ சிறிய எண்கள். பன்னிரண்டாவதற்கு நேராக இருநூற்று நாற்பத்தொன்று. முதலாளி உக்கிரபாண்டி அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். பிறகு கண்ணாடித் தடுப்பைத் தட்டி, அந்தச் சீட்டில் இருந்த முத்தழகை உள்ளே வரச் சொன்னார்.

"இருநூத்தி நாப்பத்தொண்ணு. என்னத்தா இது?"

"ஃபோன் அடிக்கலய்யா."

"பதினோரு பேருக்கு அடிக்குது. ஒனக்கு மட்டும் அடிக்கல."

"அடிச்சா எடுக்காம இருப்பேனாய்யா? சும்மா ஒக்காந்திருக்க எனக்கு என்ன ஆசையா?"

"சென்னைக்காரன் கேக்குறான். ஒவ்வொரு காலுக்கும் இருவது செகண்டு ரிங் போயிருக்குங்கான். இருவது செகண்டுல ஒரு செம்புத் தண்ணி குடிச்சு வாயத் தொடச்சிறலாம். அதுக்குள்ள விவசாயி கடுப்பாகி வச்சிர்றான்."

முதல் சீட்டில் இருந்துகொண்டே மேற்பார்வையும் பார்த்த ராமலெட்சுமி பக்கத்தில் நின்றாள். உக்கிரபாண்டியின் அக்காள் மகள். "மாமா, ஹெட்செட்ட மாட்டிக்கிட்டே தூங்குறாளோ என்னமோ" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. முத்தழகு அவளைப் பார்க்காமல் உக்கிரபாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். அடுத்த தாளுலயும் இப்படி இருந்தா ஆள மாத்த வேண்டியதுதான். ஒங்க அப்பன் மொகத்துக்காகத்தான் இந்த ஆறு நாளு."

ராமநாதபுரத்தின் விளிம்பில் இருந்த அந்தக் கட்டடம் உக்கிரபாண்டியின் அப்பா காலத்தில் பஞ்சு அடுக்கி வைக்கும் கிட்டங்கி. கமுதிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகளிலும் பிறகு லாரிகளிலும் வந்து இறங்கிய பஞ்சு மெல்ல நின்றுபோன பிறகு பல வருடம் பூட்டிக் கிடந்தது. 2006இல் அவர் அதற்குப் பொய்க்கூரை போட்டு, இரண்டு ஏசி வைத்து, பன்னிரண்டு மேஜைகள் வாங்கினார். ஒரு விதைக் கம்பெனியின் விவசாயிகள் உதவி எண்ணுக்குத் தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்து யார் அழைத்தாலும் அது சென்னையில் உள்ள ஒரு சர்வரில் விழும். அங்கிருந்து இணையம் வழியாக இந்தக் கிட்டங்கியில் ஏதாவது ஒரு பெண்ணின் மேஜைக்கு வரும். தேனியில் தக்காளி போட்டவர், தான் சென்னையோடு பேசுவதாகத்தான் நினைத்துக்கொள்வார்.

முத்தழகின் அப்பா தங்கசாமி உக்கிரபாண்டியின் மிளகாய்க் கொல்லையில் வேலை செய்பவர். மகள் பன்னிரண்டாவது முடித்துக் கம்ப்யூட்டர் பயிற்சியும் முடித்த பிறகு, ஒருநாள் வரப்பில் நின்றபடி அவர் கேட்டார். உக்கிரபாண்டியும் உடனே சரி என்றார். பதினொரு பேர் கிடைத்துவிட்டார்கள், பன்னிரண்டாவது ஆள் தேவைப்பட்டது. ஊரில் அந்த வேலையைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. அழைப்பை எடுக்காமல் விட்டவள் என்று எழுதி அனுப்பப்பட்டால் அவள் படித்த கம்ப்யூட்டர் பயிற்சி மையம் அவளை வேறு எங்கேயும் வேலைக்கு அனுப்பாது. அது மட்டுமல்ல. கொல்லைக்குத் திரும்பிப் போகும் போதும் அந்தப் பெயர் கூடவே வரும். அவளுக்கு வேலையைவிட அதுதான் அதிகமாக உறுத்தியது.

*

அவளுடைய ஃபோன் ஒழுங்காக அடித்த காலம் உண்டு. ஐப்பசிக் கடைசியில் சென்னைக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. ஃபயர்வால் வைக்காத இடங்களுக்கு இனி வேலை இல்லை. டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நாகநாதன் வந்து, மோடத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைச் சுவரில் திருகி மாட்டினார். உள்ளேயிருந்து நாம் கூப்பிட்டதற்குப் பதில் மட்டும் உள்ளே வரும், கூப்பிடாமல் வருவது எதுவும் வாசலோடு நின்றுவிடும் என்று விளக்கினார். உக்கிரபாண்டிக்கு அது பிடித்துப்போனது.

"நம்ம வீட்டு வாசல் மாதிரின்னு சொல்லு" என்றார்.

அதற்கு மறுநாளிலிருந்துதான் பன்னிரண்டாம் சீட்டு மௌனமானது. விதைப்பு முடிந்து அழைப்புகள் குறைந்திருந்த கார்த்திகை மாதம். சர்வர் ஒரே ஒரு விதிப்படி அழைப்புகளைப் பிரித்துக் கொடுத்தது. யார் நெடுநேரமாகச் சும்மா இருக்கிறார்களோ அவர்களுக்கே அடுத்த அழைப்பு. இருபது நொடிக்குள் எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போகும். எடுக்காதவர் கணக்கில் ஒன்று ஏறும். அப்போதும் நெடுநேரம் சும்மா இருப்பவர் அவரே என்பதால் அதற்கடுத்த அழைப்பும் முதலில் அவரிடமே வரும். இப்படியே ஒரு வாரத்தில் இருநூற்று நாற்பத்தொன்று.

செவ்வாய்க்கிழமை நாகநாதன் வந்தார். முத்தழகின் ஃபோனிலிருந்து தன் செல்லுக்கு ஒரு முறை அடித்துப் பார்த்தார். அடித்தது. பிறகு சென்னையில் உள்ள இன்ஜினியரைக் கூப்பிட்டு, பன்னிரண்டாம் சீட்டுக்கு ஒரு அழைப்பு விடச் சொன்னார். மணி கணீரென்று அடித்தது. இன்னொரு முறை விடச் சொன்னார். அடித்தது.

"தங்கமா இருக்குண்ணே" என்று கண்ணாடி அறையைப் பார்த்துச் சொன்னார். "வயர மாத்திட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு. பெட்டியில ஒரு குத்தமும் இல்ல."

அவர் போன கால் மணி நேரத்தில் ஃபோன் மறுபடியும் ஊமையானது.

புதன்கிழமை முத்தழகு தானே ஒரு யோசனை சொன்னாள். சீட்டை மாற்றிப் பார்க்கலாம். மூன்றாம் சீட்டில் இருந்த மலிகா பன்னிரண்டுக்குப் போகட்டும், நான் மூன்றுக்குப் போகிறேன். ஃபோனில் பழுதிருந்தால் மலிகாவுக்கும் அடிக்காதல்லவா? மலிகா புதுமடத்துப் பெண். உச்சிப்புளிப் பேருந்தில் தினமும் இருவரும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போகிறவர்கள். முத்தழகு வழியில் இறங்கிக்கொள்வாள்.

"ஒனக்காக வாரேன்டி" என்று மலிகா தண்ணீர் பாட்டிலோடு இடம் மாறினாள். "அந்த மூலையில ஏசி காத்தே வராது, அல்லாஹ்வே."

சாயங்காலத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது. பன்னிரண்டாம் ஃபோன் நாள் முழுவதும் ஒழுங்காக அடித்தது. மூன்றாம் ஃபோன், அதுவரை ஒரு குறையும் சொல்லப்படாத ஃபோன், பதினொரு மணிக்குள் ஊமையாகிவிட்டது.

ராமலெட்சுமி அதை மாமாவிடம் போய்ச் சொன்னாள். உக்கிரபாண்டி வெளியே வந்து இரண்டு மேஜைகளையும் பார்த்தார்.

"நீயே வச்ச பரீட்ச" என்றார் முத்தழகிடம். "ஃபோன மாத்துனாலும் கோளாறு ஒன் பின்னாடியே வருது. இனி நான் என்னத்தச் சொல்ல?"

யாரோ ஒருத்தி கைராசி என்றாள். இன்னொருத்தி சிரித்தாள். மலிகா மட்டும், "அப்படிச் சொல்லாதீக, அவ எடுக்குற பிள்ளதான்" என்றாள். ஆனால் அவள் குரலிலும் காலையில் இருந்த உறுதி இல்லை.

*

முத்தழகு அன்றைக்கே தன் பழைய மூலை மேஜைக்குத் திரும்பி, ஒரு நோட்டுப் புத்தகத்தை அதில் வைத்துக்கொண்டாள். ஃபோன் எப்போதெல்லாம் அடிக்கிறதோ அந்த நேரத்தை எழுதினாள். அடிக்காததை எழுத முடியாது, அடித்ததையாவது எழுதலாம் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம், சென்னையிலிருந்து வந்த திட்டுக்குப் பதில் சொல்ல நாகநாதன் மறுபடியும் வரவேண்டியிருந்தது. மற்ற பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் நோட்டை நீட்டினாள்.

"இது என்னத்தா, பஸ் டைமா?"

"ஃபோன் அடிச்ச டைம்ண்ணே. நேத்தும் இன்னைக்கும்."

அவர் ஒரு சிரிப்போடுதான் வாங்கினார். ஒன்பது இரண்டு, ஒன்பது ஏழு, ஒன்பது பதினைந்து. பிறகு முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பத்து ஒன்று, பத்து ஆறு. மறுபடியும் ஒன்றுமில்லை. பதினொன்று மூன்று. பதினொன்று இருபதில் கரண்டு போனது என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தாள். கரண்டு வந்ததும் இரண்டு அழைப்புகள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணியும் தொடங்கியதும் அடிப்பது நின்று, பன்னிரண்டு இருபத்தொன்று, ஒன்று இருபத்திரண்டு என்று மாறியிருந்தது.

நாகநாதனின் சிரிப்பு நின்றுவிட்டது. மேஜை ஃபோன்கள் மணிக்கு ஒரு முறை சென்னை சர்வருக்கு, நான் இங்கே இருக்கிறேன் என்று தகவல் அனுப்பும். கரண்டு போய் வந்தால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். அவருக்கு அது தெரியும். மாற்றாமல் விட்டவரே அவர்தான். நோட்டில் இருந்தது அந்தக் கணக்கு.

அவர் முத்தழகின் மேஜைக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த முறை அந்த ஃபோனிலிருந்து தன் செல்லுக்கு அடித்துப் பார்க்கவில்லை. சென்னை இன்ஜினியரிடம் செல்லில் பேசினார். இப்போது ஒரு முறை விடச் சொன்னார். ஒன்று இருபத்திரண்டு தாண்டிச் சில நிமிடங்களே ஆகியிருந்ததால் அடித்தது. ஐந்து நிமிடம் கழித்து விடச் சொன்னார். அடித்தது. அதிலிருந்து ஒன்பது நிமிடம் கழித்து. அடித்தது. அதிலிருந்து பதினொரு நிமிடம்.

இருவரும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் சின்ன விளக்குக்கூட மினுங்கவில்லை. நாகநாதனின் காதில் சென்னைக்காரர் சலிப்போடு சொல்வது முத்தழகுக்கும் கேட்டது.

"ரிங் போய்ட்டே இருக்கு சார். பாத்தீங்களா, அந்தப் பொண்ணு எடுக்கவே மாட்டேங்குது."

நாகநாதன் செல்லை அணைத்தார்.

"பத்து நிமிஷம்" என்றார். "இங்கனருந்து பத்து நிமிஷம் ஒரு சத்தமும் வெளிய போகலன்னா, பெட்டி கதவச் சாத்திக்குது. பெறகு சென்னையிலருந்து வாரது வாசல்லயே செத்துப்போகுது. அங்க அவனுக்கு ரிங் போற மாதிரியே கேக்கும்."

"செவ்வாக்கெழம நீங்க பாக்கையில அடிச்சுச்சேண்ணே?"

"நான் மொதல்ல என் செல்லுக்குப் போட்டேன்ல? அது கதவத் தெறந்திருச்சு. நானே தெறந்துவிட்டுட்டு, கதவு தெறந்துதான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கேன்."

அவருக்கு இன்னொன்று புரியவில்லை. பெட்டி எல்லாருக்கும் ஒன்றுதான். மற்ற பதினொரு ஃபோன்களும் இதே போல ஊமையாகியிருக்க வேண்டும். எழுந்து போய் மலிகாவின் ஃபோனில், கடைசியாக அழைத்த எண்களைக் காட்டும் பொத்தானை அழுத்தினார். திரை உருண்டுகொண்டே போனது. எல்லாம் செல் எண்கள். எல்லாம் மூன்று நொடி, ஐந்து நொடி. அடுத்த ஃபோனிலும் அப்படியே. ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு இருபது, முப்பது.

அவர் அழைப்புகளைப் பார்த்ததுமே அது என்னவென்று புரிந்துகொண்டார். அவர் வீட்டிலும் அப்படித்தான். ஒரு ரிங் விட்டு வைத்தால் வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு விட்டால் பேருந்தில் ஏறப்போகிறேன், சைக்கிளோடு நில். மூன்று என்றால் நீ கூப்பிடு. யாரும் எடுக்கமாட்டார்கள், எடுக்காத அழைப்புக்குச் செலவு கிடையாது. விவசாயிகளைத் திருப்பி அழைப்பதற்கென்று வெளி அழைப்பு திறந்து வைக்கப்பட்டிருந்தது. சொந்தத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் மிஸ்டு காலை யாரும் அழைப்பு என்றே எண்ணவில்லை. அம்மாவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குப் பத்து. ஒவ்வொரு முறையும் பெட்டியின் கதவு திறந்து, இன்னொரு பத்து நிமிடத்துக்குத் திறந்தே இருந்தது. முத்தழகுக்கு வந்து சேராத அழைப்புகளும் அவர்களுக்கே போனதால் மீதி நேரத்தையும் அவை நிரப்பின.

"நீ யாருக்கும் மிஸ்டு கால் விடமாட்டியா?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல ஃபோன் இல்லண்ணே."

நாகநாதன் மடிக்கணினியைத் திறந்து பெட்டியின் அமைப்புகளுக்குள் போனார். கதவு திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். பன்னிரண்டு ஃபோன்களும் மணிக்கு ஒரு முறைக்குப் பதிலாக மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை சென்னைக்குத் தகவல் அனுப்பும்படி மாற்றினார். எல்லாம் கால் மணி நேர வேலைதான். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

"இனிமே அடிக்கும்" என்றார். "நான் அண்ணன்கிட்டச் சொல்றேன். நீ கவலப்படாத தாயி."

முத்தழகு அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை நிம்மதியாகத் திறந்தாள்.

*

கண்ணாடி அறைக்குள் நாகநாதன் ஒரு தாளோடு போனார். எந்தெந்தச் சீட்டிலிருந்து எத்தனை சின்ன அழைப்புகள் என்று அதில் எழுதியிருந்தார்.

"அண்ணே, அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

"பெறகு யாரு மேல?"

"பெட்டியில கம்பெனிக்காரன் வச்ச டைம் ஒண்ணு இருக்கு" என்று தொடங்கினார் நாகநாதன். அதை நான்தான் மாற்றாமல் விட்டுவிட்டேன் என்பது அடுத்த வாக்கியம். அதைச் சொல்லவில்லை. "மத்தவுகளுக்கும் இதே கோளாறு வந்திருக்கணும். மிஸ்டு கால் விட்டு விட்டு அவுகளுக்குத் தெரியாமப் போச்சு. ஆரம்பத்துலயே எல்லாரும் ஒழுங்கா இருந்திருந்தா நான் அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பேன்."

உக்கிரபாண்டி தாளை வாங்கிப் படித்தார். முதல் வரியில் முதல் சீட்டு இருந்தது. ராமலெட்சுமி. ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு. அவளுக்குத் தையில் கல்யாணம்.

"இது சென்னைக்குத் தெரியுமா?"

"இல்லண்ணே. ஃபோனுலருந்து நான் எடுத்தது. அங்கன அவுக நோண்டிப் பாத்தாத் தெரியும். நோண்ட மாட்டாக, காரணம் கேட்டாத்தான் நோண்டுவாக."

"சரி பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு."

"இனி எடுக்காத கால்னு ஒண்ணும் விழாதே?"

"விழாது."

உக்கிரபாண்டி தாளை நான்காக மடித்தார். "அப்ப எதுக்குல காரணம்? சீட்டு பன்னெண்டுல ஆளு சரியில்ல, மாத்திட்டோம்னு எழுதுனா ஒரு வரி. நாளையிலருந்து ஒண்ணும் விழாது. அவனும் சரிம்பான். நீ சொல்றத எழுதுனா நாலு பக்கம். எங்க லைன ஒங்க பிள்ளைக வீட்டுக்குப் பேச வச்சிருக்கியான்னு கேப்பான். ஒப்பந்தத்துல இருக்கு. பெட்டிய மாட்டுனது யாருன்னும் கேப்பான். கமுதியில மாட்டப் போறியே, பரமக்குடியில மாட்டப் போறியே, அத ஒனக்குத் தருவானா?"

நாகநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பிள்ள பாவம்ண்ணே."

"பாவந்தான். நான் இல்லன்னா சொன்னேன்? பதினோரு பேரு வீட்டுல அடுப்பெரியணும்ல?"

பிறகு, பதினொரு பேரையும் பற்றி இருவரும் மேலும் பேசவில்லை. நாகநாதன் தன் பங்குக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கருவிகள் பரிசோதிக்கப்பட்டன, குறைபாடு எதுவும் இல்லை. அவர் எழுதிய அந்த நேரத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை உக்கிரபாண்டி முத்தழகைக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம் மேஜையில் இருந்தது. அவள் நின்றபடியே படித்தாள். தன் கவனக்குறைவால் அழைப்புகளை ஏற்கவில்லை என்றும், தானாகவே விலகிக்கொள்வதாகவும் அவள் எழுதியது போல இருந்தது.

"அய்யா, நாகநாதன் அண்ணன் ஒங்ககிட்டச் சொல்லலயா?"

"சொன்னான்."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்த்தா. தெரியப் போய்த்தான் ஒங்க அப்பன்கிட்ட நீ தூங்குன, கெடுத்தன்னு ஒண்ணும் சொல்லல. ஒத்து வரலன்னு மட்டும் சொல்லிக்கிறேன். மாசம் முழுசும் வந்த மாதிரிதான் கணக்கு. போதுமா?"

அவர் அதைத் தாராளமாகத்தான் நினைத்துச் சொன்னார். அது அவர் முகத்தில் தெரிந்தது.

"நான் எடுக்காம விட்டேன்னு எழுதிருக்கே. அந்த வரிய மட்டும் எடுத்துருங்கய்யா. மத்ததுக்குக் கையெழுத்துப் போடுறேன்."

"அந்த வரிக்குத்தான் கடிதாசியே."

"அப்ப போட மாட்டேன்யா."

உக்கிரபாண்டிக்குக் கோபம் வரவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாம். நீ போடலன்னாலும் மெயில் போகும்."

அவள் வெளியே வந்தாள். பதினொரு பெண்களும் ஹெட்செட்டோடு குனிந்திருந்தார்கள். எல்லா மேஜைகளிலும் மாறி மாறி மணி அடித்துக்கொண்டிருந்தது. அங்கே நின்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் முதலில் யார் முகம் வெளுக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் யார் வெளியே போவார்கள் என்றும் தெரியும். அது ராமலெட்சுமியாக இருக்காது. அவள் தன் டப்பாவையும் நோட்டையும் எடுக்க மூலை மேஜைக்குப் போனபோது பன்னிரண்டாம் ஃபோன் அடித்தது. இரண்டு வாரப் பழக்கத்தில், அடித்ததைத் தவறவிடக் கூடாதென்று கை தானாகவே நீண்டது.

"நீ எடுக்காத" என்றாள் ராமலெட்சுமி. வேகமாக வந்து அவளே எடுத்து, "வணக்கம், விவசாயிகள் உதவி மையம்" என்றாள்.

*

அடுத்தடுத்த இரண்டு திங்கட்கிழமைகளிலும் பன்னிரண்டு சீட்டுகளுக்கும் எதிரே பூஜ்யம் இருந்தது. தமிழ்நாட்டிலேயே சிறந்த மையம் என்று சென்னையிலிருந்து பாராட்டு வந்தது. உக்கிரபாண்டி அதை அச்செடுத்துக் கதவில் ஒட்டினார். பன்னிரண்டாம் சீட்டுக்குத் திருப்புல்லாணியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள்.

மார்கழியில் ஒருநாள் முத்தழகு ராமநாதபுரத்தில் பயிற்சி மையத்துக்குப் போய் வேறு வேலை கேட்டாள். முந்தைய இடத்தில் விசாரித்தோம் என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் காலண்டரைப் பார்த்தார்கள். பேருந்து நிலையத்தில் உச்சிப்புளிப் பேருந்து நிற்கும் இடத்தில் மலிகா இருந்தாள்.

"ஏ முத்து! ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே." மலிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பிடியில் முன்பிருந்த இயல்பு இல்லை. "எங்கன இருக்க இப்ப?"

"கொல்லைக்குப் போறேன். களையெடுக்க."

"ராமலெட்சுமிகிட்ட ஒனக்காக எம்புட்டுப் பேசிருக்கேன் தெரியுமா? அவ எடுக்குற பிள்ளதான்னு சண்டையே போட்டேன். நீ போன மறுநாள்லருந்து ஒரு கால் எடுக்காமப் போகலடி. ஒண்ணுகூட. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுப் பேச?" மலிகா குரலைத் தாழ்த்தினாள். "நெசத்தச் சொல்லு. என்கிட்டத்தானே. எதுக்குடி எடுக்கல?"

முத்தழகு சொன்னாள். பெட்டி, பத்து நிமிடம், மிஸ்டு கால், நாகநாதன் பொத்தானை அழுத்திப் பார்த்துத் தாளில் எழுதியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். வேகமாகச் சொன்னால் நம்பமாட்டாள் என்று நிதானமாகச் சொன்னாள். மலிகா குறுக்கே பேசவில்லை. புரிந்துகொள்ளும் பெண் அவள். சீட்டு மாறிய அன்று பன்னிரண்டாம் ஃபோனிலிருந்து தான் எத்தனை முறை உம்மாவுக்கு விட்டோம் என்பதை மனதுக்குள் எண்ணிப் பார்த்தது அவள் முகத்தில் தெரிந்தது.

"என் பேரும் அந்தத் தாள்ல இருந்துச்சா?"

"எல்லார் பேரும் இருந்துச்சு."

"அல்லாஹ்வே." அவள் கையை விட்டாள். "நீ யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"ஒன்கிட்டத்தான்."

"ஒங்க அப்பாகிட்டக்கூடச் சொல்லலயா?"

"சொன்னேன். அவருக்குப் புரியல. மொதலாளிதான் ஒத்து வரலன்னாருல்ல, விடுன்னுட்டாரு."

மலிகா பேருந்து வரும் பக்கம் பார்த்தாள். "வாப்பாவுக்கு இடுப்பு போயி, கடலுக்குப் போகாம ஆறு மாசமாச்சு. ஒனக்குத் தெரியும்ல."

"தெரியும். நான் ஒன்ன ஒண்ணும் செய்யச் சொல்லலயே. அடிச்சிருந்தா நான் எடுத்திருப்பேன்னு அங்க ஒருத்திகிட்டயாச்சும் சொல்லு. அது போதும்."

"எப்படித் தெரியும்னு கேப்பாளுக. பெறகு எல்லாத்தையும்ல சொல்லணும்?"

முத்தழகு பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"இப்பத்தான் எல்லாரும் மறந்துட்டாளுகடி. ஒன் பேச்சே எடுக்குறதில்ல" என்றாள் மலிகா, ஆறுதலாகச் சொல்வது போல.

பேருந்து வந்தது. கூட்டம் ஏறியது. மலிகா ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து, பக்கத்து இருக்கையில் துப்பட்டாவைப் போட்டு வைத்தாள். எப்போதும் செய்வது போல. "வா முத்து, எடம் இருக்கு" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

அடுத்த பேருந்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. முத்தழகு போய்வா என்று கையைக் காட்டிவிட்டு, பின்னால் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.